குயா

ஜெரிக்கோ ஊருக்குப் போனது
பதினைந்து நாள் அவசர விடுப்பில்.
கட்டிலுக்கடியில் விட்டுப்போனது
ஒரு ரைஸ் குக்கர், இரும்பு முனை பூட்ஸ்,
மூடியில் துளையிட்ட கண்ணாடிப் பெட்டி,
பெட்டிக்குள் குயா.

குயா என்றால் அவன் மொழியில் அண்ணன்.
விரித்த என் கையைவிட
ஒரு விரற்கடை பெரியவர்.
எட்டுக் காலிலும் கருந்தவிட்டு ரோமம்.
நடந்தால் ஓசையில்லை,
நாலு கட்டில் தள்ளியிருப்பவனுக்கும் தெரிந்துவிடும்.

மஹபூலாவில் நாலாம் மாடி.
ஆறு கட்டில், ஒரு ஜன்னல்,
ஜன்னலை அடைத்துக்கொண்டு ஏசி.
கீழே வாசலில் மூன்று மொழியில் ஒட்டியிருக்கிறது:
பேச்சிலர்கள் மட்டும். பெண்களுக்கு அனுமதி இல்லை.

பதினைந்து நாள் பதினைந்து மாதமாயிற்று.
ஜெரிக்கோவின் இகாமா காலாவதியானது.
குரல்செய்தி மட்டும் வந்தபடி இருந்தது:
தண்ணீர் ஒரு பாட்டில் மூடி போதும்.
வாரம் ஒரு பூச்சி, மிச்சத்தை எடுத்துவிடு.
தூக்காதே, விழுந்தால் வயிறு கிழிந்துவிடும்.
பின்னங்காலால் முதுகைத் தேய்த்தால்
முகத்தைத் திருப்பிக்கொள்.

கடைசியைத் தாமதமாகக் கேட்டேன்.
மூன்று நாள் மணிக்கட்டு தடித்து அரித்தது.
சைட்டில் சிமெண்டு அலர்ஜியா என்றார்கள்.
ஆமாம் என்றேன்.

முபீனுக்கு ஏசி பதினெட்டில் ஓடவேண்டும்.
குயாவுக்கு இருபத்தேழு.
என் கம்பளியில் பாதி
பெட்டியைச் சுற்றிப் போனது.

ஜூலையில் கரப்பானுக்கு மருந்தடிக்க வந்தார்கள்.
உள்ளே விஷம், வெளியே ஐம்பது டிகிரி.
சகாயசீலன் ஓட்டும் பள்ளி வேனில்
பின்சீட்டில் பெல்ட் போட்டு உட்காரவைத்தோம்.
ஃபஹாஹீலுக்கும் சால்மியாவுக்கும்
அரை நாள் போய்வந்தோம், பெட்ரோல் என் கணக்கு.
சிக்னலில் போலீஸ்காரர் குனிந்தார்.
தலையணை உறைக்குள் என்ன?
மச்பூஸ், என்றான் சகாயசீலன்.
ஒரு சோற்றுக்கு பெல்ட்டா என்று சிரித்து
போகச் சொன்னார்.

அக்டோபரில் சாப்பாட்டை நிறுத்தினார்.
வயிற்றில் ரோமம் உதிர்ந்த இடம்
நாளுக்கு நாள் கறுத்தது.
ஒரு நைட் ஷிஃப்ட் முடிந்து வந்தால்
மல்லாந்து கிடக்கிறார், கால்கள் மேலே.
போயிட்டாரு, என்றான் முபீன்.
நாறுவதற்குமுன் எடு, என்றது இன்னொரு கட்டில்.
குப்பைக் கவரை உதறி விரித்துவிட்டேன்.

ஜெரிக்கோ கத்தினான்: தொடாதே.
சாவு என்றால் காலை உள்ளுக்குச் சுருட்டிக் குப்புறக் கிடக்கும்.
மல்லாந்து கிடந்தால்
வேலையில் இருக்கிறது.

யாரும் விளக்கைப் போடவில்லை.
ஆறு ஆண்கள், ஐந்து மணி நேரம்.
பழைய காலுக்குள்ளிருந்து புதிய காலை
கையுறை கழற்றுவதுபோல,
நிறுத்தி, மூச்சு வாங்கி, மறுபடி.
என் மகள் பிறந்தபோது நான்
ஷுஐபாவில் ஒரு குழாய்க்குள் வெல்டிங்கில் இருந்தேன்.
போன் லாக்கரில் இருந்தது.

வெளியே வந்தது ஈரமாய்,
பற்கள் மட்டும் தேங்காய்ப் பத்தை வெள்ளை.
அருகில் அதே உருவில் இன்னொன்று,
உள்ளே ஆளில்லாமல்.

உரித்த தோலை
இரண்டு சொட்டு பாத்திரச் சோப்பில் ஊறவைத்து
விரித்து, படமெடுத்து அனுப்பினேன்.
நெடுநேரம் டைப் செய்துகொண்டிருந்தான்.
வயிற்றின் உட்பக்கம் சின்ன மடிப்பு தெரிகிறதா?
அண்ணன் இல்லை.
ஆத்தே.

ஆத்தே என்றால் அவன் மொழியில் அக்கா.
எங்கள் பக்கம் அது
வாயில் கைவைத்துச் சொல்வது.
நான் இரண்டாவதைத்தான் முதலில் சொன்னேன்.

துண்டோடு குளித்துவிட்டு வந்த சகாயசீலன்
திரும்பிப் போய் சட்டை மாட்டினான்.
அவன் அதைக் கிண்டலுக்குச் செய்ததாகச் சொல்கிறான்.
முபீன் கேட்காமலே ஏசியை இருபத்துநாலில் வைத்தான்.

பெண் என்றால் இருபது வருஷத்துக்கு மேலும் இருக்குமாம்.
என் விசா மார்ச் வரை.

குப்பை கொட்ட இறங்கினபோது
வாட்ச்மேன் கேட்டார்,
ரூமில் எக்ஸ்ட்ரா ஆள் யாராவது?
ஆறே பேர், என்றேன். எல்லாம் ஆம்பளைங்க.

பல் கறுக்க இன்னும் நாலு நாளாகும்.
அதுவரை பூச்சி கூடாது.